நடுவீட்டில் ஒரு வாசல்

1979இல் பெய்ஜிங்கில் பாடம் நடத்தப் போயிருந்த இயற்பியலாளர் டி. டி. லீக்கு ஒரு சிக்கல் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களில் சிலர் அமெரிக்காவின் எந்த நல்ல துறையிலும் ஆராய்ச்சி செய்யக்கூடியவர்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதை அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மெய்ப்பிக்க வழி தெரியவில்லை. பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்து சீனப் பல்கலைக்கழகங்கள் அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தன. ஜிஆர்இ, டோஃபல் போன்ற சேர்க்கைத் தேர்வுகள் எதுவும் அங்கே நடக்கவில்லை. சீன மதிப்பெண் பட்டியலையும் பரிந்துரைக் கடிதத்தையும் எப்படி எடைபோடுவது என்று நியூயார்க்கில் யாருக்கும் தெரியாது. லீ தம்முடைய கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அங்கே முனைவர் பட்ட மாணவர்களுக்கு வைக்கும் தகுதித் தேர்வின் வினாத்தாளையே வரவழைத்தார். மாணவர்கள் எழுதினார்கள். ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கொலம்பியா அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த முயற்சிதான் கஸ்பியா என்ற திட்டமாக வளர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 915 சீன மாணவர்களை அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

லீயின் பெருந்தன்மைக்கும் சாமர்த்தியத்துக்கும் சான்றாக இதைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு உறுத்துவது வேறொன்று. கொலம்பியாவில் அந்தத் தாளை எழுதியவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள். அங்கேயே வகுப்பில் உட்கார்ந்து படித்து, இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுத்து, நியூயார்க்கில் வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள். பெய்ஜிங்கில் எழுதியவர்கள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே தாள், ஓரிடத்தில் உள்ளே இருப்பவரை வெளியே அனுப்பவும் இன்னோரிடத்தில் வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கவும் பயன்பட்டிருக்கிறது. அழைக்கும் வேலையை அது நன்றாகவே செய்தது என்பதற்கு அந்த 915 பேர் சாட்சி. அப்படியென்றால் அனுப்பும் வேலையை அதற்கு ஏன் கொடுத்தோம்? சேர்க்கும் முன்பே கேட்டிருக்கக்கூடிய கேள்வியைச் சேர்த்து இரண்டு வருடம் கழித்துக் கேட்பது வாசலை நடுவீட்டில் வைத்துக் கட்டுவதற்கு ஒப்பானது. விருந்தாளி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, கொல்லையில் நாலு வேலையும் செய்து முடித்த பிறகு, 'நீங்கள் உள்ளே வரலாமா என்று பார்க்க வேண்டும்' என்கிறோம்.

அமெரிக்க நடைமுறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இளங்கலை முடித்த கையோடு அறிவியலில் முனைவர் படிப்புக்குப் போகலாம். முதுகலை தனியாக வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடம் வகுப்புகள், கூடவே உதவித்தொகைக்காக டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலை. இடையிலோ முடிவிலோ தகுதித் தேர்வு; மாணவர் வாயில் 'குவால்ஸ்'. துறைக்குத் துறை அதன் உருவம் மாறும். இயற்பியலில் நெடுங்காலமாக எழுத்துத் தேர்வு: இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல். கணிதத்தில் எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. மூலக்கூறு உயிரியல் பக்கம் ஓர் ஆய்வு முன்மொழிவை எழுதிக் கொடுத்து, நாலைந்து பேராசிரியர்கள் முன் நின்று அதைக் காப்பாற்ற வேண்டும். தேறினால் ஆய்வேட்டுக்குள் இறங்கலாம். பெரும்பாலும் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் முதுகலைப் பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டு மாணவரானால் விசாவும் அத்தோடு ஆட்டம் காணும். நம்மூரில் ஐஐடிகளிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் நடக்கிற 'காம்ப்ரிஹென்சிவ்' இதே சாதிதான். ஆனால் இங்கே நெட், கேட், ஜெஸ்ட் என்று வாசலிலேயே அடிதடி முடிந்துவிடுவதால், உள்ளே நடப்பதற்கு அந்த அளவு காரம் இல்லை.

இந்தத் தேர்வு ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது என்பது என் வாதம். ஒன்று வடிகட்டுதல்: யார் இருக்கலாம், யார் போகலாம் என்று தீர்ப்புச் சொல்வது. இன்னொன்று திரட்டுதல்: தன் துறை முழுவதையும் ஒருமுறையாவது ஒன்றாக மனத்துக்குள் கொண்டுவந்து, எது எதோடு சேர்கிறது என்று ஒருவரைப் பார்க்கவைப்பது. ஆராய்ச்சியில் இறங்கிய பிறகு இதற்கு நேரமே கிடைக்காது. ஒரு கருவி, ஒரு சேர்மம், ஒரு புரதம் என்று ஐந்து வருடம் ஓடிவிடும். ரிச்சர்ட் ஃபைன்மன் பிரின்ஸ்டனில் வாய்மொழித் தேர்வுக்குத் தயாரானபோது பழைய கேள்விகளைப் புரட்டவில்லை. முன்பு படித்த எம்ஐடிக்குத் திரும்பிப் போய்த் தனியே உட்கார்ந்தார்; தனக்குத் தெரியாத விஷயங்களுக்கான நோட்டு என்று புதிய நோட்டு ஒன்றுக்குத் தலைப்பிட்டு, அதில் இயற்பியலின் ஒவ்வொரு கிளையையும் பிரித்துப்போட்டு மறுபடி கோத்தார். அவர் வாழ்க்கையை எழுதிய ஜேம்ஸ் கிளைக் தரும் செய்தி இது. திரட்டுதல் நடந்தது அந்த நோட்டுக்குள். தேர்வு அதற்கு ஒரு சாக்கு. அந்தச் சாக்கை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வெளியேற்றும் அதிகாரத்தையும் கொடுத்து, அந்த அதிகாரத்தின் வசதிக்காகவே அதன் வடிவத்தையும் மாற்றிவிட்டோம் என்பதுதான் என் குறை.

திரட்டுதல் என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். வானம் ஏன் நீலம்? வாய்மொழித் தேர்வுகளில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. மாணவர் பலகையில் ராலே சிதறலை எழுதுவார்: சிதறும் ஒளி அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும், 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். எழுத்துத் தேர்வென்றால் இத்தோடு முழு மதிப்பெண். எதிரே ஆள் இருந்தால் விடமாட்டார். ஊதாவுக்கு அலைநீளம் இன்னும் குறைவு, வானம் ஏன் ஊதாவாக இல்லை? சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் அது மட்டு என்று மாணவர் சமாளிப்பார். சரி, பக்கத்துக்கு ஓர் அலைநீளம் உள்ள சிறு கனசதுரத்தில் ஏறக்குறைய முப்பது லட்சம் காற்று மூலக்கூறுகள் இருக்கின்றன. பக்கவாட்டில் அவை சிதறும் அலைகளெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? சீராக அடுக்கிய படிகத்தில் அப்படித்தானே நடக்கிறது? இங்கேதான் சாக்பீஸ் நிற்கும். மூலக்கூறுகள் சீராக அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு சிறு கனத்திலும் எண்ணிக்கை கணத்துக்குக் கணம் கூடிக் குறைகிறது. வானத்தின் நீலம் அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து வருகிறது. ஸ்மொலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட கணக்கு இது. 1922இல் கடலின் நீலத்துக்கு ராமன் கையாண்டதும் இதுதான். மின்காந்தவியல் தாளில் தொடங்கிய கேள்வி புள்ளியியல் இயற்பியல் தாளில் போய் நிற்கிறது. அதுவரை மாணவரின் தலையில் இவை இரண்டு வெவ்வேறு பருவத்தில் படித்த இரண்டு பாடங்கள். எதிரே இருந்தவர் மூன்றாவது முறையும் 'ஏன்' என்று கேட்டதால் ஒன்றாயின.

இப்படித் துருவித் துருவிக் கேட்கும் தேர்வு எப்படிச் சுருங்கியது என்பதற்கு எம்ஐடியில் இருக்கும் அறிவியல் வரலாற்றாசிரியர் டேவிட் கைசரின் ஆய்வுகள் நல்ல விளக்கம் தருகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்கு இருநூறு பேருக்குள்தான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். போரும் அணுகுண்டும் பனிப்போரும் பணத்தைக் கொட்ட, 1970ஐ ஒட்டி அது ஆயிரத்து ஐநூறு அளவுக்குப் போயிற்று. 1930களில் கால்டெக் மாணவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: வாய்மொழித் தேர்வு முடிந்து வந்ததும் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுப்போவார்கள். அந்த நோட்டுகளையும் வகுப்புக் குறிப்புகளையும் பாடநூல்களையும் கைசர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். போருக்கு முன் நிச்சயமின்மைத் தத்துவத்துக்கு என்ன பொருள், குவாண்டம் கோட்பாடு உலகத்தைப் பற்றி என்னதான் சொல்கிறது என்பவையெல்லாம் மாணவரிடம் கேட்கத் தகுந்த கேள்விகளாக இருந்தன. வகுப்பில் கூட்டம் பெருகப் பெருக அவை உதிர்ந்து, கணக்குகள் நின்றன. கணக்குப் போடுவதுதான் ஆராய்ச்சிக்கு முக்கியம் என்று யாரும் உட்கார்ந்து விவாதித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. நூறு பேரின் விளக்கத்தைத் திருத்த முடியாது, நூறு பேரின் கணக்கைத் திருத்தலாம், அவ்வளவே. இன்று 'இயற்பியலுக்கு அடிப்படைத் தகுதி' என்று நாம் நம்புவதில் எவ்வளவு பங்கு இயற்பியலிலிருந்து வந்தது, எவ்வளவு பங்கு விடைத்தாள் கட்டின் கனத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எழுத்துத் தேர்வுக்கு இன்னொரு குணம் உண்டு: அதைச் சேர்த்து வைக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கணக்குகளை குரோனின், கிரீன்பெர்க், டெலெக்டி மூவரும் 1967இல் புத்தகமாக்கினார்கள். பெர்க்லி கணிதத் துறை 1977இல் தொடங்கிய எழுத்துத் தேர்வின் கேள்விகள் தடித்த நூலாகக் கிடைக்கின்றன. 1990களில் தொடங்கி லிம் யுங்-குவோ பதிப்பித்த ஏழு தொகுதிகள் வந்தன. பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தகுதித் தேர்வுக் கேள்விகளுக்குச் சீன இயற்பியலாளர்கள் போட்ட விடைகள் அவற்றில் இருக்கின்றன. இந்தியாவில் ஜெஸ்ட்டுக்கும் டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறவர்களிடையே லிம் தொகுதிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் இரண்டாம் வருடத்தில் கேட்பதை இங்கே சேருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடுகிறோம்! அந்தக் கணக்குகளை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். சில மிக அழகானவை, ஒரு மாலை நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் விடையோடு அச்சாகிவிட்ட கணக்கு, யார் அதை முன்பே பார்த்தார் என்பதையும் சேர்த்தேதான் அளக்கிறது. கான்பூர் ஐஐடியிலிருந்து போனவர் பார்த்திருப்பார். சிறிய கல்லூரி ஒன்றில் மூன்று கோடைகள் ஆய்வகத்தில் கருவி கட்டிய பெண் பார்த்திருக்க மாட்டார். இரண்டாம் வருடக் கடைசியில் தள்ளாடப் போவது யார் என்பது சேர்ந்த அன்றே பாதி தெரிந்துபோகும்.

கடுமையான தேர்வுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். கார்கிவில் 1930களின் தொடக்கத்தில் லெவ் லாண்டாவ் ஏற்படுத்திய 'தியரெட்டிகல் மினிமம்' போல ஒரு தேர்வு அதற்குப் பிறகு இல்லை. முதலில் கணிதம். பிறகு இயக்கவியலில் தொடங்கிச் சார்புக் குவாண்டம் கோட்பாடு வரை தேர்வுக்கு மேல் தேர்வு. 1961 வரை தேறியவர்கள் 43 பேர்; அவர்கள் பெயரை லாண்டாவே பட்டியலாக எழுதி வைத்திருந்தார். லிஃப்ஷிட்ஸ், பொமரான்சுக், கலாட்னிகோவ், அப்ரிகோசோவ், பிடயேவ்ஸ்கி என்று அந்தப் பட்டியல் சோவியத் இயற்பியலின் வரலாறாகவே படிக்கக் கிடைக்கும். ஆனால் அந்தத் தேர்வு எங்கே நின்றது என்று பாருங்கள். முழுக்க வாசலில். யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிட்டு நேரம் கேட்கலாம். பட்டம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை. எழுதியது தனியறையில் தாளில்தான் என்றாலும், நடுவே வந்து எட்டிப் பார்த்து முனகிவிட்டுப் போக லாண்டாவ் இருந்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தவறியவர் இழந்தது லாண்டாவின் குழுவில் ஓர் இடத்தை மட்டுமே. அறிவியலில் தன் இடத்தை இழக்கவில்லை. விட்டாலி கின்ஸ்பர்க் அந்தப் பட்டியலில் இல்லை. அதே கின்ஸ்பர்க் லாண்டாவோடு சேர்ந்து 1950இல் மீகடத்தல் பற்றிய கோட்பாட்டை எழுதினார்; 2003இல் அப்ரிகோசோவோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். லாண்டாவின் தேர்வைப் புகழ்கிறவர்கள் அதன் கடுமையை எடுத்துக்கொண்டு, அதில் தவறியவருக்கு இருந்த சுதந்திரத்தை விட்டுவிடுகிறார்கள்.

சரி, தேர்வில் நன்றாகச் செய்தவர்தான் பிறகு நல்ல ஆராய்ச்சியாளர் ஆகிறார் என்பதற்கு ஆதாரம் என்ன? இதற்கு அருகில் வரும் விவாதம் இயற்பியல் ஜிஆர்இயைப் பற்றியது. 2019இல் கேசி மில்லரும் உடன் ஆய்வாளர்களும் சில ஆயிரம் மாணவர்களின் தரவை வைத்து, அந்த மதிப்பெண்ணுக்கும் முனைவர் படிப்பை முடிப்பதற்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு இல்லை என்றார்கள். மறு ஆண்டே மைக்கேல் வைஸ்மன் அவர்களுடைய புள்ளியியலைக் கடுமையாக மறுத்தார்: குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களில் பெரும்பாலோரைத் துறைகள் சேர்க்கவே இல்லை, சேர்த்த சிலரை வேறு ஏதோ பலத்தைப் பார்த்துச் சேர்த்தார்கள், இப்படி ஏற்கெனவே வெட்டப்பட்ட கூட்டத்துக்குள் தொடர்பைத் தேடினால் அது மங்கலாகத்தான் தெரியும். வைஸ்மனின் மறுப்பு வலுவானது என்பதே என் எண்ணம். தேர்வை எதிர்ப்பவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. ஆனால் அதே கத்தி தகுதித் தேர்வின் பக்கமும் திரும்பும். இங்கே தவறியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். விட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று பார்க்க ஆளே இல்லை. 'எங்கள் தேர்வில் தேறியவர்கள் நன்றாக வருகிறார்கள்' என்று ஒரு துறை சொன்னால், அந்தக் கூற்றைச் சோதிக்கத் தேவையான பாதித் தரவை அந்தத் தேர்வே அழித்துவிட்டிருக்கிறது. அறிவியல் துறைகள் தங்கள் ஆய்வகத்தில் ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையை ஏற்குமா? தங்கள் மாணவர்கள் விஷயத்தில் மட்டும் பல பத்தாண்டுகளாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இத்தனை வடிகட்டிய பிறகும் மிஞ்சுவது என்ன என்று கேட்டால் அதற்கு எண் உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட கணக்குப்படி, முனைவர் படிப்பில் சேர்ந்தவர்களில் பத்து வருடத்துக்குள் முடித்தவர்கள் மொத்தத்தில் 57 சதவீதம். கணிதமும் பௌதிக அறிவியல்களும் சேர்ந்த பிரிவில் 55. விட்டுப்போனவர்கள் எல்லோரையும் தகுதித் தேர்வு விரட்டவில்லை. தேறிய பிறகும் பலர் போயிருக்கிறார்கள். பார்பரா லோவிட்ஸ் இந்த விஷயத்தில் நெடுங்காலம் உழைத்தவர். நன்றாகப் பாடம் படிப்பவராக இருப்பது ஆராய்ச்சிக்குப் போதாது என்பது அவர் கண்டது: பிறர் கண்டதைக் கற்பதிலிருந்து தானே ஒன்றைக் காண்பதற்கு மாறும் இடத்தில்தான் கெட்டிக்காரர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துத் தேர்வு அந்த இடத்துக்கு முந்தைய கல்லிலேயே நின்றுவிடுகிறது. பிறர் கண்டதைக் கற்றோமா என்று இன்னொரு தடவை, கடைசித் தடவை, பார்க்கிறது.

இங்கே முதல் மறுப்பு வரும், அதில் இரக்கமும் இருக்கிறது. ஆறாம் வருடத்தில் கைவிரிப்பதைவிட இரண்டாம் வருடத்தில் சொல்லிவிடுவது நல்லதில்லையா? இருபத்து நாலு வயதில் வேறு வேலை தேடலாம், முப்பதில் கஷ்டம். சீக்கிரம் சொல்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரம் சொல்லப்படுவது சரியான செய்தியாகவும் இருக்க வேண்டும். ஆறாம் வருடத்தில் ஒருவர் நிலைகுலைவது லக்ராஞ்சியன் எழுதத் தெரியாததாலா? எடுத்த பிரச்சினைக்கு விடை இல்லாமல் போகிறது, கருவி ஒத்துழைக்கவில்லை, மானியம் தீர்ந்துபோகிறது, கைடு வேறு ஊருக்கு மாறிவிடுகிறார் அல்லது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இவற்றில் எதையும் இரண்டாம் வருட வினாத்தாள் முன்கூட்டிச் சொல்லாது. ஒருவரை அனுப்பியே ஆக வேண்டுமென்றால், அவர் முதல் வருடத்தில் செய்த ஆராய்ச்சியைப் பார்த்துச் சொல்லலாம்: ஒரு சின்னக் கேள்வியைக் கொடுத்து, எட்டு மாதம் விட்டு, என்ன செய்தார், மாட்டிக்கொண்ட இடத்தில் என்ன செய்தார் என்று மூன்று பேர் பார்த்தால் போதும். உயிரியல் துறைகள் ஆய்வு முன்மொழிவைத் தேர்வாக்கியதில் இந்த விவேகம் இருக்கிறது, அதிலும் சடங்கு புகுந்துவிடாமல் இருந்தால்.

இரண்டாவது மறுப்பு இன்னும் யதார்த்தமானது. வெளியேற்றும் பயம் இல்லாவிட்டால் யார் உட்கார்ந்து முழுத் துறையையும் படிப்பார்கள்? திரட்டுதல் என்று சொல்லி நான் புகழ்வதே அந்தப் பயத்தின் விளைவுதானே? பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் குறித்து, அந்த நாளில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மனிதர் தள்ளிப்போடுவார்கள். ஆனால் கட்டாயம் வேறு, கழுத்தைப் பிடிப்பது வேறு. கணிதவியலாளர் டெரன்ஸ் டாவோ பிரின்ஸ்டனில் 'ஜெனரல்ஸ்' என்னும் வாய்மொழித் தேர்வுக்குச் சரியாகப் படிக்காமல் போய்த் தட்டுத்தடுமாறித் தேறியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று பேராசிரியர்கள், ஒரு மாணவர், ஒரு பலகை. அதற்குப் பிறகே ஒழுங்காக உழைக்கத் தொடங்கினார். 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். அவரை உலுக்கியது வெளியேற்றம் அல்ல, ஏனென்றால் அவர் வெளியேற்றப்படவில்லை. தான் மதிக்கிற மூன்று பேருக்கு முன்னால் தெரியாமல் நின்றதுதான் உலுக்கியது. தெரியாதது எது என்று முகத்துக்கு நேரே தெரிந்தால் படிக்கிறவர் படிப்பார். பயம் வேறொன்றைச் செய்கிறது: தெரியாததை மறைக்கச் சொல்கிறது. வேலை போய்விடும் என்ற நினைப்போடு பலகை முன் நிற்பவர், மூலக்கூறுகளின் அலைகள் ஏன் அழிந்துபோகவில்லை என்ற கேள்விக்கு 'எனக்குத் தெரியவில்லை, யோசிக்கிறேன்' என்று சொல்ல மாட்டார். எங்கோ படித்ததை ஒப்பிப்பார். வடிகட்டுதல் திரட்டுதலைக் கெடுக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் நம்மவர் யாராவது ராமானுஜனை இழுத்துக்கொண்டு வருவார்கள். எஃப்.ஏ. தேறாதவர்தானே என்பார்கள். அதை வாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமானுஜன் போல ஒருவரை முன்வைத்து எந்த நிறுவனத்துக்கும் விதி எழுத முடியாது. வேண்டுமானால் அவரைக் கண்டெடுத்த ஹார்டியைப் பார்க்கலாம். 1926இல் கேம்பிரிட்ஜின் கணித டிரைப்பாஸ் தேர்வுக்கு எதிராக அவர் ஆற்றிய உரையின் கவலை மேதைகள் பலியாவதைப் பற்றியது அல்ல. கௌரவம் மிகுந்த ஒரு கடின தேர்வு, அதற்காகவே கணிதம் கற்பிக்கப்படும் நிலையைக் கொண்டுவந்து, ஒரு நாட்டின் கணிதத்தையே கோணலாக்கிவிடும் என்பது. சராசரி நல்ல மாணவருக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

என் யோசனைக்கு உண்மையான சோதனை மூன்றாவது மறுப்பு. எழுத்துத் தேர்வில் பெயர் தெரியாது, முகம் தெரியாது, உச்சரிப்பு தெரியாது. வாய்மொழி என்று வந்துவிட்டால் ஆங்கிலம் சரளமாக வருகிறவர் பாதி ஜெயித்துவிடுவார். தயங்கித் தயங்கிப் பேசுகிற பெண்ணைவிட உறுதியாகத் தவறு சொல்கிற ஆண் தேறிவிடுவார். பேராசிரியருக்குப் பிடித்த மாணவருக்கு ஒரு கேள்வி, பிடிக்காதவருக்கு ஒரு கேள்வி. பெய்ஜிங் மாணவர்கள் அன்று வினாத்தாளால் காப்பாற்றப்பட்டார்கள் என்பதை நானே மேலே எழுதியிருக்கிறேன். இதை முழுவதும் தட்டிவிட என்னிடம் பதில் இல்லை. ஆனால் கவனியுங்கள், இந்த அநீதி ஆபத்தாவது தீர்ப்பு இருக்கும்போதுதான். முகம் பார்த்து வேலையைப் பறிக்கக் கூடாது என்பது சரி. அதனால்தான் பறிப்பதை வாய்மொழியிடமிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். வடிகட்ட வேண்டியதைச் சேர்க்கும்போதே, பெயர் மறைத்த தாளால் வடிகட்டுங்கள். சேர்க்கும்போதே தாளைக் கொண்டு வடிகட்டுவதைத்தான் லீயும் செய்தார். பிறகு பலகை முன் நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கிடைக்க வேண்டியது மதிப்பெண் அல்ல, ஒரு பக்கம் எழுத்து: எங்கே உறுதியாக நின்றீர்கள், எங்கே நழுவினீர்கள், அடுத்த ஆறு மாதத்தில் எதைப் படித்தால் உங்கள் வேலைக்கு உதவும். எல்லோருக்கும் ஒரே தொடக்கக் கேள்வி என்று வைத்தால் ஓரவஞ்சனை இன்னும் கொஞ்சம் குறையும். முற்றிலும் போகாது.

கடைசியில் நேரம். மூன்று பேராசிரியர்கள், மாணவருக்கு இரண்டு மணி நேரம், வருடத்துக்கு முப்பது மாணவர்கள் என்றால் ஒரு துறைக்கு 180 மணி நேரம். எங்கே போவது என்பார்கள். எழுத்துத் தேர்வுக்கும் நேரம் போகிறது: கேள்வி தயாரிக்க, திருத்த, எல்லைக்கோட்டில் நிற்கும் நால்வரைப் பற்றி ஒரு பகல் முழுக்கச் சண்டைபோட. அது கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது நிர்வாகம் என்ற பெயரில் நடக்கிறது. ஒரு மாணவரை ஆறு வருடம் வைத்திருக்கப்போகிற துறை, அவரோடு உட்கார்ந்து இயற்பியல் பேச ஆறு மணி நேர உழைப்பைக் கொடுக்க முடியாதென்றால் அத்தனை பேரைச் சேர்க்காமல் இருக்கலாம். பதினைந்து பேரைச் சேர்த்தால் 90 மணி நேரம்தான். ஆனால் பதினைந்து பேர் போதாது. செப்டம்பரில் முதலாண்டு இயற்பியல் வகுப்புக்கு நூற்றுக்கணக்கில் மருத்துவம், பொறியியல் பக்கம் போகப்போகிற பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அவர்களுடைய ஆய்வக வகுப்புகளை எடுக்கவும் வீட்டுப்பாடத்தைத் திருத்தவும் ஆள் வேண்டும்.